ஒன்பதரை மாதப் பொய்

பெங்களூர் ஈஜிபுராவில் எட்டாவது கிராஸ் தெருவுக்கு வந்து ஜோசஃபின் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் காட்டும். தண்ணீர் விடாத நாளில், வால்வு திறக்கிற ஆளை அவன் வீட்டுக்கே போய் எழுப்பிக் கூட்டி வந்தவள் அவள்தான். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் போதும், எங்கே நூல் விட்டிருக்கிறது என்று அவள் விரல் சொல்லிவிடும். வாயும் அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

அவள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் கோலார் தங்கவயலில், சாம்பியன் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். தாத்தன் வட ஆற்காட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்க வந்தவர். அப்பனும் இறங்கினார். இவள் கல்யாணத்துக்கு நிற்கிற வயதில் சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பூட்டுப் போட்டால் வயிறு கேட்குமா? ஊரோடு சேர்ந்து இவளும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள், இருட்டின பிறகு திரும்பினாள். எத்தனையோ வருஷம் அப்படி ஓடின பிறகுதான் ஈஜிபுராவில் ஒரு ரூமும் ஒரு சமையல் கட்டுமாக வாடகைக்குப் பிடித்துக் குடி வந்தார்கள். புருஷன் சாமுவேல் அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். ஒரே பெண், ஷைனி.

இந்த ஷைனிக்குப் பட்டாளத்தில் ஆபீசர் ஆகவேண்டும். சிப்பாய் இல்லை, ஆபீசர். காலேஜில் என்.சி.சி. கேம்ப்புக்குப் போனபோது கேப்டன் ஒருத்தி வந்தாளாம். பிளஸ் டூ, அதாவது இங்கே பியூசி, முடித்த பெண்களையும் இப்போது ராணுவ அகாடமியில் எடுக்கிறார்கள், மூன்று வருஷம் படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னாளாம். அன்றைக்குப் பிடித்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ராணுவக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே ஓடிவிட்டு வருவாள். போன செப்டம்பரில் பரீட்சையும் எழுதினாள். இங்கிலீஷும் பொது அறிவும் தாண்டிவிட்டது, கணக்கு காலை வாரிவிட்டது. அழுதாள், அப்புறம் மூன்று மாதம் கணக்கைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடவில்லை. அடுத்த பரீட்சை ஏப்ரலில். அதற்கான மனு டிசம்பரில் திறந்தது.

கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மாவும் மகளும் நேரே ப்ரஹ்லாத்தின் நெட் சென்டருக்குப் போனார்கள். ப்ரஹ்லாத் கன்னடக்காரப் பையன்தான், ஆனால் அந்தத் தெருவிலேயே பிறந்ததால் தமிழ் தண்ணீராக வரும்.

"வாங்க ஆன்ட்டி. ஜெனரல் மேடத்தோட அம்மா வந்துட்டாங்க, எழுந்திருங்கப்பா," என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பினான்.

"வாய் கொழுப்புடா உனக்கு. மொதல்ல ஃபார்ம போடு."

பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் ஏறியது. பிறந்த தேதி என்ற இடத்தில் ப்ரஹ்லாத் ஷைனியின் பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டைப் பார்த்து அடித்தான். ஜூன் ஒன்று, இரண்டாயிரத்து ஏழு. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இன்னொரு தடவை அடித்தான். இன்னொரு தடவையும் சிவப்பு.

"இன்னாடா அது செவப்பா?"

"ஏஜ் பார் ஆன்ட்டி. இந்த தபா ரெண்டாயிரத்து ஏழு ஜூலை ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி பிறந்தவங்களை எடுக்க மாட்டாங்களாம். இவ ஒரு மாசம் பெரியவளாயிட்டா."

ஷைனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன செப்டம்பர் பரீட்சைக்கு வயது சரியாக இருந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்தக் கோட்டை ஆறு மாதம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள் என்பதை அவள் கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கவனிக்கவில்லை.

ஆனால் ஜோசஃபின் மார்க்ஸ் கார்டைப் பிடுங்கிப் பார்த்தது வேறு காரணத்துக்காக. அவள் மகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறக்கவே இல்லை. அடுத்த வருஷம் மார்ச் பதினெட்டாம் தேதி, தவக்காலத்து செவ்வாய்க்கிழமை, ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? கேக் வெட்டுவதும் மார்ச்சில்தான். கார்டில் இருக்கிற தேதி அம்மா வாயால் சொல்லிப் போட்டது.

அது எப்படி நடந்தது என்றால், சாம்பியன் லைனில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. தாயும் தகப்பனும் விடியற்காலை ரயிலுக்குப் போய்விடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். ஸ்கூலில் விட்டால் ஒரு வேளைச் சோறும் போட்டுச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் ஒன்றாம் தேதியோடு ஆறு வயது முடிந்திருக்கவேண்டும் என்றார்கள். அதனால் லைனில் எல்லாரும் என்ன செய்தார்களோ அதைத்தான் ஜோசஃபினும் செய்தாள். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, "காணாமப் போச்சு டீச்சர்" என்று சொல்லி, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள். "இந்த லைன்ல இருக்கிற பிள்ளைங்க பாதிப் பேர் ஜூன் ஒண்ணாம் தேதிதான் பிறந்திருக்குதுங்க. இன்னாமா, கம்பெனி ஆர்டரா?" என்று கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டாள். வெளியே நின்றிருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே தேதிதான். ஆதார் எடுத்தபோது ஸ்கூல் தேதியைப் பார்த்து எழுதினார்கள். பத்தாம் வகுப்பு கார்டில் அதுவே அச்சாகி வந்தது. ஒருத்தரையும் அது கடிக்கவில்லை. ஷைனியைத்தான் கடித்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் சாமுவேல் தட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்தான். ஆனா இதுக்கு இவ்ளோ வெலை இருக்கும்னு தெரியாது," என்றான்.

"நீ கூட வந்து கையெழுத்துப் போட்டிருக்கணும். அன்னைக்கு ஓவர்டைம்னு போயிட்ட."

"அதுக்கு இப்ப என்னைப் பிடிச்சிக்கினு என்ன பிரயோஜனம்?"

ஷைனி கத்தவில்லை. அதுதான் ஜோசஃபினுக்குத் தாங்கவில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அந்தப் பெண் அமைதியாக, "நிஜத் தேதி இருந்தா எனக்கு இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்குதும்மா. ஏப்ரல்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடுகிற ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

இரண்டு சான்ஸ். ஜோசஃபின் அதை மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பொய் சொன்னது ஒரு நிமிஷம். அதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்றுதான் நினைத்தாள்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டுத் தங்கவயலுக்கு ரயில் ஏறினாள். பீரோவின் அடியிலிருந்த ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கையில் இருந்தது. கோவிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்தாள். அவர் பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் புரட்டினார். பிறந்தது மார்ச் பதினெட்டு, ஞானஸ்நானம் ஏப்ரல் இருபது, ஞானத்தாய் ரத்தினம்மாளின் அக்கா. எல்லாம் நீல மையில் அழகாக இருந்தது. ஃபாதர் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அந்த லெட்டரை வாங்கும்போது ஜோசஃபினுக்குப் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஸ்கூலில் அந்தப் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லை, காலமாகிவிட்டாளாம். இப்போது ஒரு ஹெட்மாஸ்டர். நல்ல மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து வந்து, அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது யார் கையெழுத்தும்மா?"

அவளுடையதுதான். 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே ஜோசஃபின் என்று தமிழில், கோணல் மாணலாக.

"நான்தான் சார் போட்டேன். பொய்யிதான் போட்டேன். இப்ப நிஜத்தச் சொல்றேன், மாத்திக் குடுங்க."

"பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணிட்டா அதுக்கப்புறம் நாங்க ஒரு எழுத்தைத் தொட முடியாது. பெங்களூர்ல போர்டு ஆபீஸுக்குப் போங்க."

"பெங்களூர்லேர்ந்துதான் சார் வரேன்!"

போர்டு ஆபீஸில் பத்தாவது டோக்கன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இவள் வயதுதான் இருக்கும், தலையில் கனகாம்பரம். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டைப் பார்த்தாள், ஃபாதர் லெட்டரைப் பார்த்தாள், மார்க்ஸ் கார்டைப் பார்த்தாள். மூன்றையும் அடுக்கித் திருப்பி நீட்டினாள்.

"ஆகல்லம்மா. கோர்ட் ஆர்டர் தகொண்டு பன்னி."

ஆகாது, கோர்ட் உத்தரவு வாங்கி வா என்று அர்த்தம். ஜோசஃபின் கன்னடத்தில் மன்றாடினாள். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம், சாமி கோவில் கொடுத்த காகிதம், பெற்ற தாய் நேரில் வந்து நிற்கிறேன், இதற்கு மேல் கோர்ட்டுக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டாள்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களை நான் நம்பறேன். நம்பறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை," என்று கன்னடத்தில் சொன்னாள். பின்னால் பதினோராவது டோக்கன் இடித்துக்கொண்டு நின்றது.

டிசம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மனு மூடிவிடும். ஜோசஃபின் அன்றைக்கு ஐந்து மணிக்கே பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஷைனி நெட் சென்டர் வாசலில் நின்றிருந்தாள். அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் அதே பழைய காகிதங்களைப் பார்த்ததுமே எதுவும் மாறவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ப்ரஹ்லாத்துக்கு மனசு கேட்கவில்லை. "ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்றேன். பர்த் சர்டிபிகேட்ல இருக்கிற டேட்டப் போட்டுடலாம். இப்ப சிஸ்டம் எடுத்துக்கும். பின்னாடி கேட்டா பின்னாடி பார்த்துக்கலாம்."

"போடு," என்றாள் ஜோசஃபின். "அது ஒண்ணும் திருட்டுத் தேதி இல்ல. அதுதான் நெசம்."

"வேண்டாம்ணா," என்றாள் ஷைனி.

"இன்னாடி வேண்டாம்? மணி அஞ்சே முக்கால் ஆவுது!"

"அம்மா, இங்க பாரு, எழுதியிருக்குது. பத்தாவது கார்டுல எந்தத் தேதி இருக்குதோ அதுதான் போடணும். போன செப்டம்பர் பரீட்சைக்கு நான் போட்ட தேதி அவங்ககிட்ட இருக்குது. இப்ப வேற தேதி போட்டா நான் பொய் சொல்றேன்னு ஆவும். இனிமே எந்தப் பரீட்சையும் எழுத விடமாட்டாங்க."

"நெசத்தச் சொன்னா பொய்யா?"

"அவங்களுக்குக் கார்டுல இருக்கிறதுதாம்மா நெசம்."

ஜோசஃபினுக்கு அந்த கம்ப்யூட்டரை எடுத்துத் தெருவில் போடலாம் போல இருந்தது. மௌசைப் பிடித்திருந்த ப்ரஹ்லாத்தின் கை நடுவில் நின்றது. கால் மணி நேரமாக அம்மா போடு என்கிறாள், மகள் வேண்டாம் என்கிறாள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் ஆறு ஆனது. திரையில் அந்தப் பக்கமே காணாமல் போய், மூடிவிட்டது என்று ஒரு வரி வந்தது. ஷைனி எழுந்து, "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. ஜோசஃபின் பின்னாலேயே போய், "இன்னும் ஒரு சான்ஸ் இருக்குதில்ல? செப்டம்பருக்குள்ள கோர்ட் ஆர்டரோட வரேன் பாரு," என்றாள். அதைச் சபதம் மாதிரி சொன்னாள். தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், மங்களம் என்ற வக்கீலம்மா இருந்தாள். கார்மெண்ட்ஸில் யாருக்கோ பி.எஃப். பணம் வாங்கிக் கொடுத்தவள் என்று பேர். அவள் காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "கேஸ் நல்ல கேஸ்தான் ஜோசஃபின். நாள்தான் கேரண்டி இல்லை," என்றாள்.

"எத்தினி நாள் ஆவும்?"

"ஆறு மாசத்துல முடிஞ்சதும் உண்டு. ரெண்டு வருஷம் போனதும் உண்டு."

"செப்டம்பர் பரீட்சைக்கு மே மாசம் ஃபார்ம் உடுவாங்களாம், ஜூன்ல மூடிடுவாங்க. அதுக்குள்ள வேணும்."

"ஜட்ஜுகிட்ட நான் அப்படிச் சொன்னா, அவர் சிரிப்பார்," என்றாள் மங்களம். ஆனால் மனுவை அந்த வாரமே போட்டாள்.

ஸ்கூல், போர்டு, கவர்ன்மெண்ட் எல்லாரும் எதிர்க்கட்சி. பிப்ரவரியில் முதல் வாய்தா. நோட்டீஸ் போகவில்லை என்று தள்ளினார்கள். மார்ச்சில் ஸ்கூலுக்கு நோட்டீஸ் போயிருந்தது, போர்டுக்குப் போகவில்லை. ஏப்ரலில் போர்டு வக்கீல் வந்தார், பதில் போட டைம் கேட்டார், கொடுத்தார்கள். அதே ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷைனி எழுதியிருக்கவேண்டிய பரீட்சை நடந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து, பரீட்சை முடிந்ததும் வெளியே வந்த வினாத்தாளை போனில் இறக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பேப்பரை மட்டும் போட்டாள். "இன்னா ஆச்சு?" என்று சாமுவேல் கேட்டான். "பாஸ் ஆயிருப்பேன் நைனா," என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மே மாதம் கோர்ட்டுக்கு வெயில் லீவு.

"லீவா?" என்றாள் ஜோசஃபின், கோர்ட் வராந்தாவில் எல்லாரும் கேட்க. "எங்க ஃபேக்டரில தகர ஷெட்டுக்குக் கீழ நானூறு பொம்பளைங்க இஸ்திரி டேபிளோட வேகுறோம். எங்களுக்கு இல்லாத வெயில் இவங்களுக்கு எங்கேர்ந்து வந்தது மேடம்?"

"மெதுவா பேசு," என்றாள் மங்களம். சிரிப்பை அடக்கிக்கொண்டதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் ஃபார்ம் திறந்தது. ஜூன் இரண்டாவது வாரத்தில் மூடியது. கோர்ட்டில் அடுத்த வாய்தா அதற்கு ஆறு நாள் பிறகு. வேறு யாராவது இருந்தால் அந்த வாய்தாவுக்குப் போயிருக்கமாட்டார்கள். சாமுவேலும் அதைத்தான் சொன்னான். "கல்யாணம் முடிஞ்சப்புறம் பந்தல் போடப்போறியா?" என்றான். ஜோசஃபின் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்குத்தான் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். போர்டு வக்கீல் சின்ன வயது ஆள், மரியாதையாகத்தான் கேட்டார். "ஸ்கூல்ல ஜூன் ஒண்ணுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"அது பொய்னு தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

"அன்னைக்கு ஸ்கூல்ல சேர்க்கணும், அதனால வயசைக் கூட்டினீங்க. இன்னைக்கு மிலிட்டரில சேர்க்கணும், அதனால வயசைக் குறைக்கிறீங்க. எதை நம்பறது?"

ஜோசஃபின் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். விடியற்காலை ரயில், பக்கத்து வீடு காலியானது, ஒரு வேளைச் சோறு, எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தாள். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா," என்றார் ஜட்ஜ். "பெத்தவள நம்புங்க சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அது பதிவேட்டில் ஏறியதோ இல்லையோ தெரியாது. வாதம் கேட்க ஜூலை இருபது என்று போட்டார்கள். வெளியே வந்ததும் மங்களம் அவள் தோளைத் தட்டினாள். "பொய்யை ஒத்துக்கிட்ட பார்த்தியா, அதான் உன்னைக் காப்பாத்தப்போகுது. இந்த கேஸ் ஜெயிக்கும்."

ஜெயிக்கப்போகிறது என்று அவள் வீட்டில் வந்து சொன்ன அன்றைக்குத்தான் ஷைனி அந்தப் பேச்சை எடுத்தாள். சாமுவேல் இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் எதிரில் வந்து உட்கார்ந்து, கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மா, கோவப்படாம கேளு. கேஸ வாபஸ் வாங்கிடு."

"இன்னாது?"

"அகாடமிக்கு வயசு போயிடுச்சு. நிஜத் தேதி வந்தாலும் டிசம்பர் ஃபார்முக்கு நான் பெரியவதான். இனிமே டிகிரி முடிச்சிட்டு எழுதற பரீட்சை ஒண்ணுதான் இருக்குது. அதுல இருபத்தஞ்சு வயசு வரைக்கும் டைம் இருக்குது. எந்தத் தேதியா இருந்தாலும் நான் உள்ளதான் இருப்பேன்."

"அப்ப தேதி சரியாவே இருக்கட்டுமே!"

"அதான் கஷ்டம். என்.சி.சி. மேடம்கிட்ட கேட்டேன். எல்லாக் காகிதத்துலயும் ஒரே தேதி இருக்கணும், அது போதும்னாங்க. இப்ப பத்தாவது கார்டு மாறினா பியூசி கார்டு மாறணும், ஆதார் மாறணும், காலேஜ்ல மாறணும், என்.சி.சி. சர்டிபிகேட் மாறணும். ஒரு இடத்துல மாறாம நின்னாகூட இன்டர்வியூவுல வெளிய நிக்கவைப்பாங்க. இந்த ஒரு கார்டுக்கே ஆறு மாசம் ஆச்சு. எனக்கு இருக்கிறதே ரெண்டு வருஷம்மா."

ஜோசஃபின் கீரைக் காம்பைக் கிள்ளாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சொன்ன பொய்யிதான் நிக்கணுமா? சாவற வரைக்கும்?"

"நிக்கட்டும்மா. அந்தப் பொய் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்குது."

"கோர்ட்ல அத்தினி பேர் முன்னாடி நான் பொய்காரின்னு ஒத்துக்கினு வந்தனே! அது இன்னாத்துக்கு?"

ஷைனி தான் ஆய்ந்த கீரையை அம்மா பக்கம் தள்ளினாள். பிறகு, "நான்தானே மா கேக்கறேன்," என்றாள்.

இதற்கு மூன்று நாள் சண்டை. ஜோசஃபின் மகள் முன்னால் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பேசினால் சாமுவேலோடுதான் பேசினாள், அதுவும் திட்டத்தான். ஃபேக்டரியில் ஒரு கட்டுச் சட்டையை நன்றாக இருந்தும் திருப்பி அனுப்பினாள் என்று தையல் லைனிலிருந்து புகார் வந்தது. மூன்றாம் நாள் சூப்பர்வைசர், "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதும், "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நியாயத்துக்குத்தான் சரியில்ல," என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே பஸ் பிடித்து பிரேசர் டவுன் போய், மங்களத்திடம் வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து இந்தத் தடவை கோணாமல் விழுந்தது.

"ஜெயிக்கிற கேஸை விட்டுட்டுப் போறே," என்றாள் மங்களம்.

"நான் ஜெயிச்சா அவ தோத்துடுவா மேடம்."

ஜூலை இருபதாம் தேதி ஜட்ஜ் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். போர்டு வக்கீலும் ஆச்சரியமாகத் திரும்பினார்.

"யாராவது மிரட்டினாங்களா?" என்று ஜட்ஜ் கன்னடத்தில் கேட்டார்.

"இல்ல சாமி. என் மகதான் வேண்டான்றா."

"அப்போ பிறந்த தேதி ஜூன் ஒண்ணுன்னு ஒத்துக்கறீங்களா?"

அந்த இடத்தில்தான் ஜோசஃபின் முரண்டினாள். மங்களம் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். ஒத்துக்கொண்டு போய்த்தொலையேன், அவ்வளவுதானே! அவளால் முடியவில்லை.

"ஒத்துக்கல சாமி. அவ மார்ச் பதினெட்டுதான் பொறந்தா. மாத்த வேண்டான்றேன், அவ்வளவுதான்."

ஜட்ஜ் மனுவை ஒரு தடவை புரட்டினார். பிறகு என்னவோ எழுதினார். வாபஸ் பெற்றபடியால் தள்ளுபடி. கூப்பிட்ட அடுத்த பெயர் வேறு யாருடையதோ.

வெளியே வராந்தாவில் மங்களம் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜோசஃபின் கையை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டையும் ஃபாதர் லெட்டரையும் குடுங்க மேடம். நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

"அது எங்கிட்ட இல்லை ஜோசஃபின். கோர்ட் ஃபைல்ல இருக்கு. ஒரிஜினல் திரும்ப வேணும்னா அதுக்கு ஒரு தனி மனு போடணும்."

"அதுக்கும் மனுவா?"

"அதுக்கும்தான். எதிர்க்கட்சிக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேப்பாங்க. பதினஞ்சு நாள், இருபது நாள் ஆகும். ஜெராக்ஸ் இருக்கு, அது போதுமே உனக்கு. இனிமே அந்தக் காகிதத்தை யாரும் கேக்கப்போறதில்லை."

ஜோசஃபின் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். ஃபேக்டரிக்குப் போனால் மத்தியான ஷிப்டாவது கிடைக்கும். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க," என்றாள்.